தேர்வும் தேறுதலும்

தமிழில் ‘சொல்’ என்பதற்கு நெல் என்றும் ஒரு பொருள் உண்டு. உமியை நீக்கினாலன்றி நெல்லிலிருந்து அரிசி கிடைப்பதில்லை. அதுபோலவே, மேலே தோன்றும் ஓசையை நீக்கி உள்ளே நோக்கினாலன்றிச் சொல்லின் பொருள் புலப்படுவதில்லை. நாள்தோறும் வழங்கும் சொற்களையும் இவ்வாறு குற்றிப் புடைத்துக் கொள்வது கற்பார்க்குரிய கடமையாகும்.

இன்று சிற்றூர்தோறும் வழங்கும் பிறமொழிச் சொற்களுள் ‘எக்ஸாம்’ என்பது ஒன்று. மார்ச்சுத் திங்கள் நெருங்கிவிட்டால், பெரம்பலூரைச் சூழ்ந்த கரிசல் நிலத்துச் சிற்றூர்களிலும், அரியலூர் வட்டாரத்து முந்திரித் தோப்புகளின் நடுவேயுள்ள ஊர்களிலும் இச்சொல் ஒலியாத வீடு இல்லை. “பிள்ளைக்கு எக்ஸாம், தொந்தரவு செய்யாதீர்கள்” என்று, ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அறியாத பாட்டியும் கூறுகிறாள். இச்சொல்லைக் கேட்ட அளவிலே உண்ட சோறு செரியாமலும், படுத்த பாயில் உறக்கம் கொள்ளாமலும் வருந்தும் மாணாக்கர் பலர். பொருள் அறியாத சொல் இருளிற் கிடக்கும் பழுதை போன்றது. பாம்போ என்று அஞ்சச் செய்யும். விளக்கேற்றிப் பார்த்தவர்க்கு அச்சம் ஏது? ஆதலின் இச்சொல்லின் உள்ளே விளக்கேற்றிப் பார்த்தல் தக்கது.

சொற்பொருள் ஆராயும் இத்தொழிலுக்கு அரியலூர் மாவட்டம் பழைய உரிமை உடையது. கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் ஏலாக்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. இத்தாலி நாட்டிற் பிறந்து தமிழகம் போந்த வீரமாமுனிவர் அவ்வூரில் தங்கிச் சமயப் பணியும் தமிழ்ப் பணியும் ஆற்றினார். அவர் இயற்றிய ‘சதுரகராதி’ 1732ஆம் ஆண்டில் உருவாயிற்று. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடைமையால் அந்நூல் அப்பெயர் பெற்றது. அதற்கு முன்னர்ச் சொற்பொருள் அறிய விரும்பினோர், செய்யுளாலாகிய நிகண்டுகளை இளமையிலேயே மனப்பாடம் செய்தல் வேண்டும். அகரவரிசையிற் சொற்களை நிறுத்தி, வேண்டிய சொல்லை வேண்டிய பொழுதில் எவரும் எளிதில் எடுத்துக்கொள்ளச் செய்தது சதுரகராதியின் சிறப்பு. மேலை நாட்டு மொழிகளையும் தமிழையும் ஒருங்கு கற்ற அப்பெரியார் வாழ்ந்த மண்ணில், மேலைச் சொல் ஒன்றையும் தமிழ்ச் சொற்கள் சிலவற்றையும் அருகருகே வைத்து நோக்குதல் பொருத்தமேயன்றோ?

‘எக்ஸாம்’ என்பது ‘எக்ஸாமினேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். இச்சொல் இலத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. இலத்தீனில் ‘எக்ஸாமென்’ என்பது துலாக்கோலின் நாவைக் குறிக்கும். துலாக்கோலின் நடுவே நின்று, எந்தத் தட்டுத் தாழ்ந்தது, எந்தத் தட்டு உயர்ந்தது என்பதை அசைந்து காட்டும் முள்ளே நா எனப்படும். அந்நாவை நோக்கி நிறையைத் துல்லியமாக அறிதல் என்பதே இச்சொல்லின் முதற்பொருள். பின்னர் அது, எப்பொருளையும் நுணுகி ஆராய்தல் என விரிந்தது. அதன் பின்னரே ஒருவர் பெற்ற கல்வியை அளந்தறிதல் என்னும் பொருளையும் ஏற்றது.

பெரம்பலூர்ப் பகுதி, பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மிகுதியாக விளையும் இடம். வெங்காய மூட்டையை நிறுக்குமிடத்தில் உழவர் எதனைப் பார்க்கின்றார்? மூட்டையின் பருமனைப் பார்ப்பதில்லை. வணிகரின் முகத்தைப் பார்ப்பதில்லை. தராசின் முள்ளையே பார்க்கின்றார். முள் எவரையும் இகழ்வதில்லை. எவரையும் புகழ்வதும் இல்லை. உள்ளதை உள்ளவாறு காட்டி நிற்பதே அதன் தொழில். மூட்டை எடை குறைந்ததென்று முள் காட்டினால், குறைந்தது அம்மூட்டையேயன்றி, அதை விளைத்த நிலம் அன்று. விளைத்த உழவரும் அல்லர். அடுத்த பருவத்தில் அதே நிலத்தில் அதே உழவர் இருமடங்கு விளைவிக்கலாம். தராசு அன்றைய மூட்டையை நிறுக்குமேயன்றி நிலத்தை நிறுக்காது. ‘எக்ஸாமினேஷன்’ என்னும் சொல்லின் வேரில் உள்ள பொருள் இதுவே.

தராசுக்கும் ஒரு கடமை உண்டு. அதன் நா நேர்நின்று பேசுதல் வேண்டும். திருவள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில், ஒருபக்கம் சாயாத துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமை ஆக்கினார். வினாக்களை அமைப்போரும் விடைகளைத் திருத்துவோரும் அத்துலாக்கோலின் நாவாக நிற்றல் வேண்டும். வினாக்களை மறைவிற் பெற்று விடை எழுதுதலும், பிறரைப் பார்த்து எழுதுதலும் தராசுத் தட்டின் அடியிற் புளியை ஒட்டி நிறுப்பதை ஒக்கும். அவ்வாறு நிறுத்த பொருளின் உண்மை எடையை, நிறுத்தவனும் அறியான், கொண்டவனும் அறியான். பிறரை ஏமாற்றினவன் தன் நிறையைத் தானே அறியும் வாய்ப்பையும் இழந்தவன் ஆகின்றான்.

‘எக்ஸாமினேஷன்’ என்பதற்கு உடன்பிறப்பைப் போல வழங்கும் மற்றொரு சொல் ‘டெஸ்ட்’ என்பது. இவ்விரண்டும் ஒன்றென எண்ணுவோர் பலர். ஆயினும் பிறப்பாலும் வழக்காலும் இவை வேறுபட்டவை. ‘டெஸ்ட்’ என்பதன் மூலமான இலத்தீன் சொல் மட்கலத்தைக் குறிக்கும். பொன், வெள்ளி ஆகியவற்றின் தூய்மையை அறிய விரும்பிய பழங்காலக் கம்மியர், நுண்துளைகளை உடைய சிறு கலத்தில் அவற்றை ஈயத்தோடு சேர்த்து உருக்குவர். ஈயமும் கலப்பு உலோகங்களும் கலத்தினால் உறிஞ்சப்பட்டுவிடும். பொன்னும் வெள்ளியுமே எஞ்சி நிற்கும். அக்கலத்தின் பெயரே பின்னர் அச்செயலுக்கும் பெயர் ஆயிற்று. எனவே, ஒன்று தராசிற் பிறந்த சொல். மற்றொன்று உலையிற் பிறந்த சொல்.

ஆங்கில வழக்கில், பல பகுதிகளை உள்ளடக்கி முறையாக நடைபெறும் பெரிய தேர்வு ‘எக்ஸாமினேஷன்’ எனப்படும். ஒரு பாடத்தையோ, ஒரு திறமையையோ மட்டும் அளக்கும் சிறு தேர்வு பெரும்பாலும் ‘டெஸ்ட்’ எனப்படும். ஆண்டிறுதியில் நடைபெறுவது முன்னது; வாரந்தோறும் வகுப்பறையில் நடைபெறுவது பின்னது. வண்டியோட்டும் உரிமம் பெற விரும்புவோர் ஓட்டிக் காட்டுவதும், குருதியை எடுத்துச் சர்க்கரையின் அளவை அறிவதும் ‘டெஸ்ட்’ என்றே வழங்கும். மருத்துவர் நோயாளியின் உடலை முழுவதும் நோக்கி ஆராய்வதும், வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சான்று கூறுவோரை வினவுவதும் ‘எக்ஸாமினேஷன்’ எனப்படும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லால் வழங்கும் இவற்றைத் தமிழ் வெவ்வேறு சொற்களால் வழங்குகிறது. பள்ளியில் நடைபெறுவது தேர்வு. மருத்துவமனையில் நடைபெறுவது பரிசோதனை. நீதிமன்றத்தில் நடைபெறுவது விசாரணை. இடமறிந்து சொல்லைத் தேர்ந்தெடுத்தலே மொழித்திறன். ‘மருத்துவர் நோயாளியைத் தேர்வு செய்தார்’ என்று எழுதினால் பொருள் எவ்வளவு மாறிவிடும் என்பதை மாணாக்கர் எண்ணிப் பார்த்தல் நன்று.

இனித் தமிழில் வழங்கும் சொற்களைக் காண்போம். பரீட்சை, சோதனை, தேர்வு என்னும் மூன்றும் இப்பொருளில் வழங்குவன. பரீட்சை என்பது வடசொல். சுற்றிலும் நோக்குதல் என்பது அதன் பொருள். ஒரு பொருளை ஒருபுறம் மட்டும் நோக்காது நாற்புறமும் நோக்கி அறிதலை அஃது உணர்த்தும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் தமிழகப் பள்ளிகளில் இச்சொல்லே பெருவழக்காக இருந்தது. இலங்கைத் தமிழர் இன்றும் பரீட்சை என்றே வழங்குகின்றனர். அதில் வெற்றி பெறுதலை அவர்கள் சித்தியெய்துதல் என்பர்.

சோதனை என்பதும் வடசொல் வழியே வந்தது. தூய்மை செய்தல் என்பது அதன் மூலப்பொருள். உலையிற் பிறந்த ‘டெஸ்ட்’ என்னும் மேலைச் சொல்லோடு இச்சொல் கைகோத்து நிற்பது வியத்தற்குரியது. அரியலூரைச் சூழ்ந்த நிலத்தில் சுண்ணாம்புக்கல் மிகுதியாகக் கிடைக்கின்றது. அதனால் அங்கே சிமெண்டு ஆலைகள் பல எழுந்துள்ளன. வெட்டியெடுத்த கல்லை அவ்வாறே சூளையில் இடுவதில்லை. அதன் கூறுகளைச் சோதித்தறிந்து, குறைந்ததைக் கூட்டி, மிகுந்ததைக் குறைத்த பின்னரே சூளைக்கு அனுப்புவர். கல்லை எறிந்துவிடுவதற்காகச் சோதிப்பதில்லை. பயன்படுத்துவதற்காகவே சோதிக்கின்றனர் என்பது ஈண்டு உணரத்தக்கது.

தேர்வு என்பது தூய தமிழ்ச் சொல். தேர் என்னும் வினைப்பகுதியிலிருந்து பிறந்தது. தேர்தல் என்பதற்கு ஆராய்தல், தெரிந்தெடுத்தல் என்னும் இரு பொருள்களும் உண்டு. ஆராயாமல் எடுத்தல் தேர்வு ஆகாது; ஆராய்ந்து வாளா விடுதலும் தேர்வு ஆகாது. மக்கள் தம் சார்பாளரைத் தெரிந்தெடுக்கும் நிகழ்ச்சிக்குத் தேர்தல் என்னும் பெயர் அமைந்ததும் இவ்வேரிலிருந்தே. தேர்வு எழுதுவோர் தேர்வர். தேர்வு செய்வோர் தேர்வாளர். ஓரெழுத்தளவிலான இவ்வேறுபாட்டையும் மாணாக்கர் மறவாது கொள்ளல் வேண்டும்.

ஒருவரை ஆராய்ந்து தெரிந்தெடுக்கும் முறை தமிழர்க்குப் புதியது அன்று. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரம் இதற்கென்றே அமைந்தது. அரசன் தன் பணியில் ஒருவனை அமர்த்துமுன், அவன் அறத்தில் நிற்பானா, பொருளுக்கு மயங்குவானா, இன்பத்தில் வீழ்வானா, உயிருக்கு அஞ்சுவானா என்று நால்வகையால் ஆராய்தல் வேண்டும் என அவ்வதிகாரம் தொடங்குகின்றது. ஒருவனுடைய குணங்களையும் குற்றங்களையும் கண்டு அவற்றுள் மிகுந்தது எது என நோக்குமாறும் அது கூறுகின்றது. அவரவர் செயலே அவரவர்க்குப் பொன்னுரைக்கும் கட்டளைக்கல் என்றும் உணர்த்துகின்றது. தராசு, உரைகல் என்னும் இரண்டு கருத்துகளும் ஓரதிகாரத்திலேயே அடங்கியிருத்தல் காண்க.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. குடவோலை இடுமுன், பெயர் எழுதப்படுவோர்க்கு உரிய தகுதிகள் ஆராயப்பட்டன. வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயது, கல்வியறிவு ஆகியன வேண்டப்பட்டன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டனர்.

எழுத்துத் தேர்வினால் அரசு அலுவலரைத் தெரிந்தெடுக்கும் முறையைச் சீனர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்படுத்தினர். அது 1905ஆம் ஆண்டு வரையில் நிலவியது. இந்திய ஆட்சிப்பணிக்கு ஆள் எடுக்கும் போட்டித் தேர்வு முதன்முதலாக 1855ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்றது. அதற்கு முன்னர் நிறுமத்தின் இயக்குநர்கள் தமக்கு வேண்டியவரையே நியமித்து வந்தனர். குலமும் செல்வமும் பரிந்துரையும் திறந்த வாயிலை, கல்வி திறக்கத் தொடங்கியது அத்தேர்வினாலேயே ஆகும். 1863ஆம் ஆண்டில் சத்தியேந்திரநாத தாகூர் அத்தேர்வில் வெற்றி பெற்று, அப்பணியில் அமர்ந்த முதல் இந்தியர் ஆனார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டில் தோன்றியது. மதுரைத் தமிழ்ச்சங்கம் 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவரால் நிறுவப்பெற்றுத் தமிழுக்கெனப் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகளை நடத்தியது. அரசுப் பணிக்கு ஆள் எடுக்கும் ஆணையம் சென்னை மாகாணத்தில் 1929ஆம் ஆண்டில் அமைந்தது. ஏழை வீட்டுப் பிள்ளையும் தன் கல்வி ஒன்றையே துணையாகக் கொண்டு உயர்நிலை எய்துதற்கு வழி இதுவே. ஆதலின் தேர்வை இகழ்தலும் தகாது. அதனைக் கண்டு நடுங்குதலும் தகாது.

நடுக்கம் பிறப்பது தேர்வு என்னும் சொல்லால் அன்று. அதன் முடிவைக் கூறும் சொற்களாலேயே ஆகும். ‘பாஸ்’, ‘ஃபெயில்’ என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் வீடுகள்தோறும் வழங்குகின்றன. ‘பாஸ்’ என்பதற்கு அடியெடுத்து வைத்துக் கடந்து செல்லுதல் என்பது பொருள். ‘ஃபெயில்’ என்பதற்குக் குறைவுபடுதல், எட்டாமற்போதல் என்பது பொருள். இதனைத் தமிழிற் சிலர் ‘தோல்வி’ என்கின்றனர். தோல்வி போர்க்களத்துச் சொல். அங்கே எதிரே பகைவன் ஒருவன் இருத்தல் வேண்டும். தேர்வு எழுதும் மாணாக்கனுக்கு எதிரே பகைவன் யார்? வினாத்தாள் பகை அன்று. ஆசிரியர் பகைவர் அல்லர். பகைவன் இல்லாத இடத்தில் தோல்வி என்னும் சொல் எவ்வாறு பொருந்தும்?

தமிழில் இதற்கு வாய்த்த சொல் தேறுதல் என்பது. ‘மகன் பத்தாம் வகுப்பில் தேறிவிட்டான்’ என்று ஊரார் கூறுவர். ‘காய்ச்சல் நீங்கி உடம்பு தேறிற்று’ என்பதும் அச்சொல்லே. ‘துயரத்தில் ஆழ்ந்தவள் ஒருவாறு மனம் தேறினாள்’ என்பதும் அச்சொல்லே. கற்றவன் தேறுகிறான், நோயுற்றவன் தேறுகிறான், துன்புற்றவன் தேறுகிறான். மூன்று இடத்திலும் உள்ள பொது இயல்பு யாது? கலக்கம் நீங்கித் தெளிவு பெறுதலே. கணக்குப் பாடத்தில் ஐயமற நிறுவப்பட்ட உண்மையைத் தேற்றம் என்கின்றனர். கலங்கல் நீரைத் தெளிவிக்கக் குடத்தின் உட்புறத்தில் உரைக்கும் கொட்டை, தேற்றாங்கொட்டை எனப் பெயர் பெற்றது. தேர், தெரி, தெளி, தேறு என்னும் சொற்கள் யாவும் ஓரினத்தன போல ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நிற்பன.

தேறினான் என்பதற்கு எதிர்ச்சொல் தோற்றான் என்பது அன்று, தேறவில்லை என்பதே. குடத்து நீர் இன்னும் தெளியவில்லை என்றால், நீரைக் கொட்டிவிடுவார் உண்டோ? இன்னும் சற்றுத் தேற்றாங்கொட்டையை உரைத்து, அசையாமற் சிறிது நேரம் வைத்தால் வண்டல் அடியிற் படியும், நீர் தெளியும். உடம்பு இன்னும் தேறவில்லை என்றால், மருந்தை நிறுத்திவிடுவார் உண்டோ? ‘தேறவில்லை’ என்னும் சொல்லின் உள்ளே ‘தேறும்’ என்னும் நம்பிக்கை மறைந்து நிற்கின்றது. பொதுத் தேர்வில் தேறாதவர்க்குத் துணைத்தேர்வு நடத்தப்படுவதும் இக்கருத்துப் பற்றியே.

இவ்வுண்மைக்குச் சான்றாக ஒரு பெரியாரின் வாழ்க்கை விளங்குகின்றது. அவர் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் இளமைக் கல்வி பெற்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர். போட்டித் தேர்வு இலண்டனில் தொடங்கிய அதே 1855ஆம் ஆண்டில், பிப்ரவரி 19ஆம் நாளில் அவர் பிறந்தார். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர், பொருள்வளம் இல்லாதவர். மைந்தனுக்குக் கல்வி கிடைக்கும் ஊரே தமக்கு ஊர் எனக் கொண்டு அவர் குடும்பத்தோடு இடம் பெயர்ந்து வந்தார். அரியலூரிற் சடகோபையங்காரிடம் பயின்றபொழுது சாமிநாதையர்க்குத் தமிழின் சுவை புலப்பட்டது. பின்னர்க் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியிற் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்டார். கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலையும், விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகையையும் அவர் கற்றார். மணியடித்துத் தொடங்கும் வகுப்பும், அச்சிட்ட வினாத்தாளும் அங்கே இல்லை. கற்றதை ஆசிரியர் முன் ஒப்புவித்தலே அன்றாடத் தேர்வு.

அவர் வாழ்வில் மூன்று தேர்வுகள் சிறப்பாகக் குறிக்கத்தக்கன. முதலாவது 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் நிகழ்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தம்மை நாடி வந்த அவ்விளைஞர் முன்னர்க் கற்றவற்றை வினவி, பாடல் சொல்லிப் பொருள் உரைக்கச் செய்து, மாணாக்கராக ஏற்றுக்கொண்டார். இரண்டாவது 1880ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் கும்பகோணம் கல்லூரியில் நிகழ்ந்தது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார், தம் இடத்திற்குச் சாமிநாதையரை அழைத்துச் சென்றார். கல்லூரி ஆசிரியர்கள் அவருடைய புலமையை ஆராய்ந்தனர். அங்கேயே செய்யுள் இயற்றுமாறும் கேட்டனர். அவர் தயங்காது விடையிறுத்துத் தேறினார், பணியும் பெற்றார்.

மூன்றாவது தேர்வு, தேர்வு என்னும் பெயரின்றி வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்றார். இன்னாரிடம் கற்றவர் என்று கூறியபொழுதும் முதலியாரின் முகத்தில் மாறுதல் தோன்றவில்லை. என்னென்ன நூல்கள் கற்றீர் என்று அவர் வினவ, ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். அவையெல்லாம் கேட்ட பின்னும் முதலியார் மனநிறைவு கொள்ளவில்லை. அவற்றிற்கெல்லாம் மூலமாக விளங்கும் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று கேட்டார். அந்நூல்கள் அந்நாளிற் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தன. அவற்றைப் பாடஞ் சொல்வாரும் இல்லை. கல்லூரி ஆசிரியராக வீற்றிருந்த ஐயர், கற்றதில்லை என்றே விடை கூறும்படி ஆயிற்று.

அத்தேர்வில் அவர் தேறவில்லை. ஆயினும் அவர் என் செய்தார்? கேட்டவரை வெறுக்கவில்லை, தம் கல்வியை நொந்து மூலையில் அமரவும் இல்லை. முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்று வந்து படிக்கத் தொடங்கினார். அது சமணக் காப்பியம். அச்சமயக் கருத்துகள் அவர்க்குப் புலப்படவில்லை. சைவ நூல்களிலே வளர்ந்த அவர், கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களை நாடிச் சென்று, மாணாக்கர்போல் இருந்து ஐயம் தீர்ந்தார். ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கினார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்து வெளிவந்தன. அன்று முதலியார் கேட்ட வினாவுக்குரிய விடையை ஐயர் தாளில் எழுதவில்லை; தம் வாழ்நாளால் எழுதினார்.

முதல் இரண்டு தேர்வுகளில் அவர் தேறினார். அவற்றால் அவர்க்கு ஆசிரியரும் அலுவலும் வாய்த்தன. தேறாத மூன்றாவது தேர்வினாலோ தமிழுக்கே அதன் பழஞ்செல்வம் மீண்டும் வாய்த்தது. பல்கலைக்கழகத் தேர்வு எழுதிப் பட்டம் பெறாத அவர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் வழங்கித் தன்னைச் சிறப்பித்துக்கொண்டது. அன்று முதலியாரின் வினா, அவரை எள்ளுதற்கு எழுந்த வினா அன்று. எந்தத் தட்டு எவ்வளவு உயர்ந்து நிற்கின்றது என்பதைக் காட்டிய தராசின் நாவே அது. நாவைப் பகைத்துக்கொள்ளாமல், தட்டில் இட வேண்டியது யாது என்று நோக்கியதே ஐயரின் பெருமை.

மாணாக்கர்கள் இவ்விரு சொற்களையும் நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும். தேர்வு என்பது ஆராய்ந்து அறிதல். தேறுதல் என்பது கலக்கம் நீங்கித் தெளிதல். முன்னது ஒருநாளில் முடிவது. பின்னது வாழ்நாள் முழுதும் நிகழ்வது. மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பெற்றோரும் மற்றோரும் கடிந்துரைக்குமுன், தேறுதல் கூறுதல் என்பதும் தமிழில் ஒரு வழக்கு என்பதை நினைத்தல் வேண்டும். தேறாத பிள்ளைக்கு முதலில் வேண்டுவது அத்தேறுதலே. அதனைப் பெற்ற மனம் கலங்கல் நீங்கிய நீர்போலத் தெளியும். தெளிந்த மனத்தில் பாடமும் தெளியும். மூட்டையின் எடை குறைந்ததற்காக நிலத்தை விற்றுவிட்டுப் போகும் உழவர் இலர். அவர் அடுத்த மழையை நோக்கிக் கலப்பையைச் செப்பனிடுகின்றார்.